மூன்றாவது தொட்டியில் வைத்த ஐஸ்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு போன் வருவது நிற்கவில்லை. பதுளை டவுனிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும், சில நேரம் மொனராகலையிலிருந்தும், ஆர்கிட் வளர்க்கிறவர்கள் யாரிடமாவது என் நம்பரை வாங்கிக் கூப்பிடுவார்கள். முன்பெல்லாம் உரத்தைப் பற்றியும் நத்தையைப் பற்றியும் கேட்டார்கள். இப்போது ஒரே கேள்விதான்.

"அண்ணே, ஆர்கிட்டுக்குத் தண்ணிக்குப் பதிலா ஐஸ் கட்டி வைக்கலாம்னு வீடியோவுல காட்டுறாங்களே, செடி செத்துப் போயிறாதா?"

சாகாது. வீட்டுக்குள் மேசையில் வைக்கிற பட்டாம்பூச்சி ஆர்கிட் என்றால், தேங்காய் மட்டைத் துண்டில் நட்டிருந்தால், வாரத்துக்கு ஒருமுறை மூன்று கட்டி போதும். மட்டையின் மேல் வைக்க வேண்டும். இலையிலோ, நடுக் குருத்திலோ, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வேரிலோ படக்கூடாது. அப்படி வைத்தால் அது மெதுவாக உருகி, மெதுவாக இறங்கும். செடிக்கு ஒரு கெடுதலும் இல்லை. கம்பியில் தொங்கவிட்டு வளர்க்கிற வாண்டா ஆர்கிட்டுக்கு இந்த வேலை ஆகாது, அதற்குத் தாகம் தீராது. இதைத்தான் போனில் சொல்கிறேன். அவர்களும் நன்றி சொல்லி வைத்துவிடுவார்கள்.

இந்தப் பதில் எனக்குத் தெரிந்த பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் நேர் எதிராகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதை எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பிறந்தது ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில். பத்தொன்பது வயதில் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக் கழிக்கும் கூட்டத்திலிருந்து என்னைப் பிரித்துத் தொரையின் பங்களாத் தோட்ட வேலைக்கு அனுப்பினார்கள். அங்கே முதல் மூன்று வருடம் நான் பூவையே தொடவில்லை. தேங்காய் மட்டையை ஊறவைத்து விரல் தடிமனுக்கு வெட்டினேன், கரியை உடைத்துச் சலித்தேன், தொட்டி கழுவினேன். அதற்குப் பிறகு, பச்சை நிழல்வலை போர்த்திய ஆர்கிட் வீடு என் கைக்கு வந்தது. தொரைமார் மாறினார்கள். கடைசியில் பங்களாவையே விற்று அதை ஹோட்டலாக்கினார்கள். எல்லோரும் போனார்கள், நான் மட்டும் அந்தப் பச்சை வலைக்குள்ளேயே முப்பத்தொரு வருடம் இருந்தேன்.

ஹோட்டலான பிறகு வந்த மெனேஜர் பெயர் ஃபரீதா. பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவர், ஆனால் அவர் முன்னால் நிற்கும்போது எனக்கு அப்படித் தோன்றியதில்லை. குரலை உயர்த்த மாட்டார். காலை ஏழு மணிக்கு ஆர்கிட் வீட்டுக்குள் வருவார். ஏதாவது ஒரு தொட்டியில் சுண்டுவிரலை இரண்டாம் கணு வரை விடுவார், எடுத்து முகர்ந்து பார்ப்பார், காதுக்கு மேல் செருகியிருக்கும் பென்சிலை எடுத்துச் சின்னப் புத்தகத்தில் குறிப்பார். நாம் எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து ஒரு கேள்வி வரும்.

"பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

வந்த புதிதில் ஒருநாள், மொட்டுகளையெல்லாம் நத்தை தின்றுவிட்டது என்று அவரிடம் சொன்னேன். அந்தக் கேள்வியைக் கேட்டார். "நெனச்சேங்க மேடம்" என்றேன். "அப்ப பாத்துட்டு வாங்க" என்று போய்விட்டார். மறுநாள் விடியற்காலையில் டார்ச்சோடு போய் உட்கார்ந்தேன். தின்றது கரப்பான். அதை வந்து சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு எனக்கு ஒரு பட்டம் வாங்கியது போல இருந்தது. அதன் பிறகு நான் பார்க்காமல் எதையும் அவரிடம் சொன்னதில்லை. ஐந்தாறு வருடம் போனதும் அவர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதையே நிறுத்திவிட்டார். மற்றவர்களிடம் கேட்பார், என்னிடம் கேட்க மாட்டார். அந்தப் பெருமையோடு நான் ஹோட்டல் முழுக்க நடந்தேன்.

ஹோட்டலில் மாடியில் ஆறு அறை, கீழே ஆறு அறை. ஒவ்வொரு அறையிலும் ஜன்னலோர மேசையில் ஒரு வெள்ளைப் பட்டாம்பூச்சி ஆர்கிட் இருக்க வேண்டும் என்பது மேடத்தின் கட்டளை. ஆர்கிட் வீட்டில் மொட்டு விரியும் தறுவாயில் தொட்டியை உள்ளே கொண்டுபோவேன். பூ உதிர்ந்ததும் திரும்பக் கொண்டுவந்து ஓய்வில் வைப்பேன். தண்ணீர் விடுவதும் நான்தான். ஆனால் மாடிக்கு வாளியோடு ஏறி இறங்குவது சிரமமாகிப்போனதால், மாடி அறைகளைச் சுத்தம் செய்த சித்ராவிடம் அந்த ஆறு தொட்டிகளையும் ஒப்படைத்தேன். நானேதான் ஒப்படைத்தேன்.

சித்ராவுக்கு அப்போது நாற்பத்தைந்து இருக்கும். தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள், மலையில் விழுந்து முழங்கால் பிசகியதால் ஹோட்டல் வேலைக்கு வந்தாள். அதிகம் பேச மாட்டாள். என்னை அண்ணே என்பாள். படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, அடுத்ததையும் அதே படியில் வைத்து ஏறுவாள்.

நாலைந்து மாதம் போயிருக்கும். ஒரு காலை மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"மாணிக்கம், கீழ் ரூம்ல பூ எத்தன நாள் நிக்குது?"

"ரெண்டு மாசத்துக்குக் கிட்ட நிக்குதுங்க மேடம்."

"மாடியில மூணு மாசமா நிக்குதே. என்ன வித்தியாசம்?"

மாடியில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றேன். அவர் என்னைப் பார்த்தார். வருடக்கணக்கில் கேட்காமல் விட்டிருந்த கேள்வியைக் கேட்டார்.

"பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

மாடிக்குப் போனோம். சித்ரா கட்டில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். செடிக்கு என்ன செய்கிறாள் என்று மேடம் கேட்டதும், ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நினைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"ஐஸ் போடுறேங்க மேடம்."

"என்னது?"

"சனிக்கிழமையில ஆளுக இருந்துட்டுப் போன ரூம்ல ஐஸ் வாளியில மிச்சம் இருக்குமுங்க. வீணா கொட்டுறதுக்குப் பதிலா தொட்டிக்கு மூணு மூணா வச்சிருவேன். தண்ணி ஊத்துனா ஓட்டையால இறங்கி மேசையில கறை புடிக்குது, நீங்க ஏசுறீங்க. இது மெதுவா ஊறுது, கீழ இறங்குறதில்ல."

மேடம் தொட்டியில் சுண்டுவிரலை விட்டார். பிறகு செடியை மட்டையோடு மெல்லத் தூக்கி வேரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வேர்கள் தடித்து, வெள்ளிப் பச்சை நிறத்தில், பல்லி வால் போல உருண்டு இருந்தன. என் கீழறைத் தொட்டிகளில் பாதி வேர் பழுப்பாகிக் கூடாகிப் போயிருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் நான் தினமும் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். விட வேண்டியிருந்ததால் விடவில்லை. அறைக்குள் போவதற்கு எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. விருந்தினர் யாராவது பூவைப் பார்த்து "நீங்களா வளர்த்தது" என்று கேட்பார்கள், அதைக் கேட்கத்தான் போனேன்.

"குளிர் நாட்டுச் செடியில்லீங்க மேடம் இது" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. "நுவரெலியாப் பக்கம் பனி விழுந்து தேயிலை கருகுனத நான் கண்ணால பாத்திருக்கேன். ஐஸ் பட்டா சூடு பட்ட மாதிரி. இன்னைக்கு நல்லா இருக்கும், ஆறு மாசத்துல செத்துரும்."

மேடம் யோசித்தார். "ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. பாத்துருவோம்" என்றார்.

அவர் வைத்த சோதனையை இப்போதும் படிப்படியாகச் சொல்லுவேன். மாடி நடையில் வடக்குப் பார்த்த நீள பெஞ்சு ஒன்று. ஒரே வயதுள்ள பன்னிரண்டு செடிகள், ஒரே அளவுத் தொட்டி, ஒரே தடிமனில் வெட்டிய மட்டை. ஆறு தொட்டிக்கு வெள்ளை நூல் கட்டினோம், அவை ஐஸுக்கு. நூல் இல்லாத ஆறுக்குத் தண்ணீர். மேடம் மூன்று கட்டிகளை உருக்கி ஒரு டம்ளரில் எங்கே வருகிறது என்று கோடு போட்டார். நான் அந்தக் கோடு வரைக்கும்தான் தண்ணீர் விட வேண்டும். இரண்டும் சனிக்கிழமை காலை, ஒரே நேரத்தில். ஐஸ் வைப்பது சித்ரா. தண்ணீர் விடுவதும், பன்னிரண்டையும் பார்த்து நோட்டில் எழுதுவதும் நான்.

"எழுதுறது நீங்கதான் மாணிக்கம். பாக்கத் தெரிஞ்சவர் நீங்க" என்றார்.

ஆர்கிட் வீட்டில் மட்டைக்குள் குத்தி வைக்கிற வெப்பமானி ஒன்று இருந்தது. முதல் சனிக்கிழமை அதை நூல் கட்டிய தொட்டியில் குத்தினேன். ஐஸ் உருகும்போது கொஞ்சம் இறங்கியது. சமையல்கட்டில் போய் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன், ஏறத் தொடங்கியிருந்தது. மத்தியானத்துக்குள் பக்கத்துத் தொட்டிக்குச் சமமாகிவிட்டது. பனி விழுந்த தேயிலை இரவு முழுக்க, செடி முழுக்க, விறைத்துக் கிடக்கும். இது அதுவல்ல என்று அன்றைக்கே எனக்குப் புரிந்தது. புரிந்ததை நோட்டில் எழுதவில்லை.

ஐந்து மாதம் எழுதினேன். வாரத்துக்கு வாரம் ஒன்றுதான்: பன்னிரண்டும் நலம். நூல் கட்டியதிலும் புது வேர், கட்டாததிலும் புது வேர். தண்ணீரை அளந்து விட்டதால் என் ஆறும் அதற்கு முன் எப்போதும் இல்லாத அழகாக இருந்தன. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த மாதங்களில் நான் எப்படி இருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. விடிந்ததும் என் ஆர்கிட் வீட்டுக்குப் போகாமல் மாடிக்குப் போவேன். அவள் ஆறில் எத்தனை மொட்டு என்று எண்ணுவேன், பிறகுதான் என்னுடையதை. மாடியில் மேடம் சிரிக்கும் சத்தம் கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு, வாளி எடுக்கப் போவது போல மாடிப்படி அடியில் நின்று காது கொடுப்பேன். ஒருநாள் வெளிநாட்டுப் பெண் ஒருத்தி சித்ராவைச் செடிக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தாள். சித்ரா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கூச்சத்தோடு, ஒரு கையைப் பெஞ்சில் ஊன்றி நின்றாள். முப்பது வருடத்தில் என்னை எத்தனையோ பேர் படம் எடுத்திருக்கிறார்கள். ஆனாலும் அந்த ஒரு படம் என் சோற்றில் கல்லாகக் கிடந்தது.

பிறகு மேடம் என்னிடம் வந்து, நல்ல செய்தி சொல்வது போலச் சொன்னார்.

"மாணிக்கம், சித்ராவுக்குப் படி ஏறுறது கஷ்டமா இருக்கு. செடியும் அவங்களுக்குக் கைவந்திருக்கு. சோதனை முடிஞ்சதும் ஆர்கிட் வீட்டுல உங்களோட போடலாம்னு பாக்குறன். நீங்க ஓய்வு எடுக்கிற நேரம் ஒரு ஆள் வேணும்தானே?"

"நல்லதுங்க மேடம்" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை சித்ரா ஐஸ் வைத்துவிட்டு, இரண்டு மணிக்குச் சாப்பிடக் கீழே போனாள். நான் பாரில் போய் ஒரு ஐஸ் கட்டி கேட்டு வாங்கினேன். நடையில் யாரும் இல்லை. நூல் கட்டிய வரிசையில் மூன்றாவது தொட்டி. இரண்டு பக்க இலைகளும் சேர்ந்து ஒரு சின்னக் கிண்ணம் போல இருக்கும் அந்த நடுக் குருத்துக்குள் கட்டியை வைத்தேன். ஞாயிறு, திங்கள், செவ்வாயும் அதே நேரத்தில் அதையே செய்தேன். பட்டாம்பூச்சி ஆர்கிட்டின் குருத்தில் தண்ணீர் தேங்கினால் என்ன ஆகும் என்பது ஆர்கிட் வீடு கைக்கு வந்த முதல் வருடமே நான் கற்ற பாடம். அதுவரை அத்தனை வருடமும் அந்தக் கிண்ணத்தில் ஒரு சொட்டு விழுந்தாலும் துணி நுனியால் ஒற்றி எடுத்த கை இது.

பத்து நாள் கழித்துப் பார்த்தபோது குருத்து நிறம் மாறியிருந்தது. நடு இலையைத் தொட்டேன், அடியிலிருந்து கழன்று கையோடு வந்தது. முகர்ந்தால் கெட்ட வாடை. நோட்டை எடுத்து எழுதினேன்: ஐஸ் வைத்த மூன்றாம் தொட்டி, குருத்து அழுகல். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

மேடம் வந்து நின்று பார்த்தார். நோட்டைப் பார்த்தார். எனக்குத் தெரியும், அந்தக் கேள்வி வரும்.

"பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

"பாத்தேங்க மேடம்."

அதுவும் பொய் இல்லை. இப்படி ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருக்கிற பொய்யை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் சொன்னேன்.

மேடம் சோதனையை நிறுத்தினார். விருந்தினருக்கு வைக்கிற செடியில் இனிப் பரிசோதனை வேண்டாம், பழையபடி மாணிக்கமே பார்க்கட்டும் என்றார். சித்ராவைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஆர்கிட் வீட்டுப் பேச்சு அதோடு நின்றது. முழங்காலுக்காக அவளை மாடியிலிருந்து எடுத்து, பின்பக்கம் துணி வெளுக்கிற இடத்தில் இஸ்திரி மேசைக்குப் போட்டார். படி இல்லை, ஆனால் நாள் முழுக்க ஆவிக்குள் நிற்க வேண்டும்.

அன்று சாயங்காலம் நான் அந்த மூன்றாவது தொட்டியைக் குப்பைக்கு எடுத்துப் போனேன். பின்வாசலில் சித்ரா வழியில் நின்றாள்.

"அண்ணே, குடுங்க பாப்போம்."

வாங்கிப் பார்த்தாள். மட்டையை விரலால் கிளறினாள். வேரைப் பார்த்தாள்.

"வேரு நல்லாத்தான் இருக்கு. நான் ஐஸ் வச்சது மட்டை மேல. அழுகுனா வேருலதானே மொதல்ல அழுகணும்? இது குருத்துலதான் அழுகியிருக்கு." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "குருத்துல யாருண்ணே வச்சது?"

மழை வரும் போலிருக்கிறது என்று ஏதோ சொன்னேன்.

"குப்பையிலதானே போடப் போறீங்க. நான் எடுத்துக்கிறேன்" என்றாள். தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் மேடத்திடம் போவாள் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். போகவில்லை. போயிருந்தால் எனக்கு ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்திருக்கும். அந்தச் செடியை அரை நிமிடம் பார்த்துவிட்டு அவள் கண்டுபிடித்ததை நினைத்து நினைத்து என் வயிறு எரிந்தது. மேடம் கண்டுபிடிக்கவில்லை. அவள் கண்டுபிடித்தாள். பயப்பட வேண்டிய இடத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நான் ஐஸுக்கு எதிராகப் பேசித் திரிந்தேன். விருந்தினர் கேட்டால் சொன்னேன், பதுளை நர்சரிக்காரர்கள் கேட்டால் சொன்னேன். "நம்ம ஹோட்டல்லயே சோதிச்சுப் பாத்தோம், செடி அழுகிப் போச்சு." சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவந்தது.

ஓய்வுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போது மேடம் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். முதலாளியின் மற்ற ஹோட்டல்களிலும் ஆர்கிட் வைக்கப் போகிறார்களாம். பராமரிப்புக் குறிப்பு ஒன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு எல்லா இடத்திலும் மாட்டுவதற்குத் தயாராக வைத்திருந்தார். கடைசி வரி: ஐஸ் வைக்கக் கூடாது. அதன் கீழே, முப்பத்தொரு வருட அனுபவத்தில் மாணிக்கம் சொன்னது என்று போட்டிருந்தது.

"வாசிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க. உங்க பேரு இந்த வேலையில நிக்கட்டும்னுதான்."

சந்தோஷப்பட்டேன். அதை மறைக்க மாட்டேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நாளைக்குத் தருகிறேன் என்று வெளியே வந்தேன். பழைய ஏப்ரன்களைத் துணி வெளுக்கிற இடத்தில் ஒப்படைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பக்கம் போனேன்.

சித்ரா இல்லை, சாப்பிடப் போயிருந்தாள். இஸ்திரி மேசைக்கு மேலே ஜன்னல் கட்டையில் அந்தத் தொட்டி இருந்தது. நூல்கூட அப்படியே கட்டியிருந்தது. நடுக் குருத்து இருந்த இடம் காய்ந்து கறுத்த தழும்பாகியிருந்தது. ஆனால் அடியில், தண்டும் வேரும் சேருகிற இடத்தில், பக்கத்திலிருந்து ஒரு புதுச் செடி முளைத்திருந்தது. கை அகலத்தில் மூன்று இலை. எனக்கும் என் காலத்தில் அப்படி இரண்டு முறைதான் வந்திருக்கிறது. குருத்துப் போன செடியை அவசரப்படாமல் மாதக்கணக்கில் வைத்துப் பார்க்கிறவருக்குத்தான் அது வரும்.

மட்டையின் மேல், இலையில் படாமல், பாதி உருகிய மூன்று ஐஸ் கட்டிகள் இருந்தன. சனிக்கிழமை அது.

நான் அங்கேயே நின்றேன். இந்தப் பெண்ணிடமிருந்து வேலையைப் பிடுங்கினேன், மாடியைப் பிடுங்கினேன், ஆவிக்குள் தள்ளினேன். ஆனால் அவள் பார்த்ததை அவள் பார்த்தது என்று வைத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை தவறாமல் செய்துகொண்டிருக்கிறாள். என்னுடைய வெற்றி ஒரு தாளில் மடங்கி என் பையில் இருந்தது. அவளுடையது ஜன்னலில் மூன்று இலை விட்டிருந்தது. எனக்கு வந்தது மனந்திருந்தல் என்று சொல்லிவிட்டால் அழகாக இருக்கும். உண்மை அது அல்ல. அந்த மூன்று இலைக்குப் பக்கத்தில் என் பெயர் போட்ட தாள் எனக்கு அசிங்கமாகத் தெரிந்தது. அந்த இலை என்னுடையதாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. அதைத் தாங்க முடியாமல்தான் ஆபீசுக்குத் திரும்பினேன்.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாரில் ஐஸ் வாங்கியது, இரண்டு மணி, நான்கு நாள். நான் முடித்த பிறகு மேசை இழுப்பறையிலிருந்து என் பழைய நோட்டை எடுத்தார். அந்தப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கொடுத்தார்.

"எழுதுங்க" என்றார்.

குருத்து அழுகல் என்ற வரிக்குக் கீழே எழுதினேன்: குருத்தில் ஐஸ் வைத்தது நான். மற்ற ஐந்து தொட்டியும் கடைசி வரை நலம். கையெழுத்துப் போட்டேன். அவர் அச்சடித்த தாளை வாங்கி நான்காகக் கிழித்தார்.

"இவ்வளவு காலம் நீங்க சொன்னதையெல்லாம் நான் இனித் திரும்பப் பாக்கணும் மாணிக்கம்" என்றார். அதுதான் அவர் எனக்குக் கொடுத்த தண்டனை. அடுத்த வாரம் முழுக்க அவர் ஆர்கிட் வீட்டுக்குள் என் பழைய குறிப்புகளோடு தொட்டி தொட்டியாகச் சரிபார்த்துக்கொண்டு போனார். நான் கூடவே நிற்க வேண்டியிருந்தது. ஏதாவது சொன்னால் ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

சித்ரா ஆர்கிட் வீட்டுக்கு வந்தாள். இப்போது அதை அவள்தான் நடத்துகிறாள். நன்றாக நடத்துகிறாள். என் காலத்தில் பூக்காமலே கிடந்த ஒரு பழைய வாண்டா இந்த வருடம் அவளிடம் பூத்ததாம். இந்தச் செய்தியைப் பதுளை பஸ்ஸில் ஒருவர் சொன்னபோது, நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆனால் நான் அவளிடம் நேரில் சொன்ன நாளைப் பற்றி எழுதினால்தான் இது முடியும். மேடத்திடம் சொன்ன மறுநாள் அது. அவள் மேசை விரிப்புகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன்.

"சித்ரா, அந்தக் குருத்துல வச்சது நான்தாம்மா."

"தெரியும்ணே" என்றாள். கை நிற்கவில்லை.

"மேடத்துக்கிட்ட சொல்லிட்டேன். நோட்டுலயும் எழுதிட்டேன்."

"ம்."

"நீ என்னைய ஏசுறதுன்னா ஏசு."

அவள் ஏசவில்லை. ஒரு விரிப்பை முழுக்க மடித்து, ஓரம் சேர்த்துத் தட்டி, அடுக்கின் மேல் வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்தது, நான் பார்த்தேன். ஆனால் கோபத்துக்கு மேலே வேறொன்றும் இருந்தது. பிறகு திரும்பி, ஜன்னல் கட்டையிலிருந்த தொட்டியைப் பார்த்தாள்.

"எத்தன நாள் வச்சீங்க?"

"நாலு நாள்."

"தொடர்ந்தா?"

"தொடர்ந்துதான்."

"அப்ப ஒரு நாள் மட்டும் தவறி விழுந்தா அழுகாதாண்ணே? இனி மாடியில ரூம் கூட்டுற புள்ளைங்க ஐஸ் வைக்கிறப்ப கை தவறி ஒரு கட்டி குருத்துல விழுந்துருமில்ல. உடனே எடுத்து ஒத்திட்டாப் போதுமா, இல்ல செடி போயிருமா? எத்தனாவது நாள்ல நெறம் மாறுச்சு?"

நான்கு நாளும் வைத்துவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று நடையைத்தான் பார்த்தேன், குருத்தைப் பார்க்கவில்லை. கெடுத்த நாளில்கூட அதை உற்றுப் பார்த்திருந்தால் எதையாவது கற்றிருக்கலாம் என்று இவளுக்குத் தோன்றுகிறது. எனக்கு அது ஒரு வருடத்தில் ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

"பாக்கலம்மா" என்றேன்.

"பாத்திருக்கலாம்ணே" என்றாள் சித்ரா. அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள்.

முப்பத்தொரு வருடத்தில் என்னை யாரும் அதைவிடக் கடுமையாக ஏசியதில்லை. அங்கிருந்து திரும்பி வரும்போது, எத்தனாவது நாளில் நிறம் மாறியது என்ற அவளுடைய கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாதா என்று எனக்கு மறுபடியும் பொறாமையாக இருந்தது.